ஏழு மணிக்கு இருட்டுகிற ஊர்

சிங்கப்பூரில் வருஷம் முழுக்கச் சூரியன் ஏழு மணியை ஒட்டித்தான் மறைகிறது. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிற ஊர். பகலும் இரவும் ஏறக்குறையச் சமம். அந்தக் கணக்குப்படி ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிட வேண்டும். ஆனால் 1981 டிசம்பர் 31 இரவு பதினொன்றரை மணிக்குக் கடிகாரங்களை நேராகப் பன்னிரண்டுக்குத் தள்ளி வைத்தார்கள். மலேசியா தன் இரண்டு பகுதிகளையும் ஒரே நேரத்துக்குள் கொண்டுவந்தது. வியாபாரத்துக்கும் போக்குவரத்துக்கும் வசதி என்று சிங்கப்பூரும் கூடவே நகர்ந்தது. அதற்கு முன்னால் ஜப்பானியர் ஆட்சியில் இதே தீவு தோக்கியோ நேரப்படி தூங்கி எழுந்திருக்கிறது.

சாயங்காலம் எப்போது வர வேண்டும் என்பதைக்கூட யாரோ ஒருவர் உட்கார்ந்து முடிவு செய்த ஊர் இது. இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. "ஒரே ஒரு சாயங்காலம்தான் இருக்கு, எங்க போறது, என்ன சாப்பிடறது?" என்று கேட்கிறவர்களுக்கு எல்லாரும் ஒரே பட்டியலைத்தான் நீட்டுகிறார்கள். மெரினா பே விளக்குகள், தண்ணீர் துப்பும் சிங்கம், ஒளிரும் செயற்கை மரங்கள். பாருங்க, நல்லாத்தான் இருக்கும். ஆனால் அந்த மாலை எப்படித் தயாரானது என்று தெரிய வேண்டுமென்றால், தெலுக் ஆயர் ரயில் நிலையத்தில் ஆறரை மணிக்கு இறங்குங்கள்.

தெலுக் ஆயர் தெருவும் பூன் டாட் தெருவும் சந்திக்கிற முனையில் நாகூர் தர்கா நிற்கிறது. நாகூர் ஆண்டவரின் நினைவாக, சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள் 1828க்கும் 1830க்கும் இடையில் கட்டியது. இன்றைக்குச் சுற்றிலும் அலுவலகக் கோபுரங்கள். அன்றைக்கு இந்தத் தெருதான் கடற்கரை. பாய்மரக் கப்பல்களிலிருந்து இறங்கியவர்களின் கண்ணில் முதலில் படுகிற இடத்தில் ஒரு நன்றிக்கடனாகத்தான் தர்காவை எழுப்பினார்கள். கொஞ்சம் தள்ளி இருக்கிற தியான் ஹொக் கெங் கோயிலும் அப்படித்தான், ஹொக்கியன் சீனர்கள் கடல்தெய்வத்துக்குச் சொன்ன நன்றி. 1879-ல் தொடங்கிய வேலையில் கடலைத் தூர்த்துத் தள்ளிவிட்டார்கள். தர்கா இருந்த இடத்திலேயே இருக்கிறது. கடல்தான் போய்விட்டது.

சூலியாக்கள் அந்தக் காலத்தில் படகுக்காரர்கள். பெரிய கப்பலிலிருந்து சரக்கை இறக்கி ஆற்றுக்குள் கொண்டுவரும் தொழில் ஆரம்ப வருஷங்களில் பெரும்பாலும் அவர்கள் கையில்தான் இருந்தது. பிறகு அது சீனர்கள் கைக்குப் போனது. நம் ஊர்க்காரர்கள் டீக்கும் ரொட்டிக்கும் நூடுல்ஸுக்கும் நகர்ந்த கதை பின்னால் வரும்.

தர்காவிலிருந்து பூன் டாட் தெருவில் கிழக்கே நடந்தால் ஐந்து நிமிஷத்தில் சாத்தே வாசம் வந்துவிடும். பகலெல்லாம் கார் ஓடுகிற தெரு. ஏழு மணி வாக்கில் தடுப்பு வைத்து அடைக்கிறார்கள், மேசைகளைப் போடுகிறார்கள், கரி அடுப்புகள் வரிசையாக எரிய ஆரம்பிக்கின்றன. கோழி, ஆடு, மாடு, இறால் எல்லாம் குச்சியில் குத்தி வாட்டி, நிலக்கடலைக் குழம்போடும் வெள்ளரி வெங்காயத்தோடும் தருவார்கள். கோழியும் ஆடும் கலந்து பத்துப் பத்தாகச் சொல்லுங்கள். புகை சட்டையில் ஒட்டிக்கொள்ளும், நல்ல சட்டை வேண்டாம்.

இந்தத் தெருவுக்குப் பெயர் தந்தவர் ஓங் பூன் டாட். போருக்கு முன்னால் இது ஜப்பான் தெரு. போருக்குப் பிறகு அந்தப் பெயரை யார் வைத்துக்கொள்வார்கள்? மாற்றினார்கள். ஓங் பூன் டாட் யாரென்றால், தம்பியோடு சேர்ந்து 1923-ல் நியூ வேர்ல்டு கேளிக்கைப் பூங்காவைத் தொடங்கியவர். சீனக் கூத்து, மலாய் பங்சாவான் நாடகம், குத்துச்சண்டை, நடனமேடை, சாப்பாட்டுக் கடைகள், எல்லாம் ஒரே மதிலுக்குள். பகலில் மூட்டை தூக்கியவனும் பங்களாவில் இருந்தவனும் ராத்திரி ஒரே வாசலில் நுழைந்தார்கள். பின்னாலேயே கிரேட் வேர்ல்டு, ஹேப்பி வேர்ல்டு என்று இரண்டு பூங்காக்கள் வந்தன. இந்த ஊரில் மாலையை முதன்முதலில் மொத்த வியாபாரமாகச் செய்தவர்களில் ஒருவர் பெயரில் இருக்கும் தெரு இன்றும் மாலையில்தான் உயிர்பெறுகிறது. இதை யாரும் திட்டமிட்டிருக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். இந்த ஊரில் அப்படி எதையும் உறுதியாகச் சொல்லவும் முடியாது.

பக்கத்தில் எட்டுப் பட்டையாக நிற்கும் இரும்புக் கட்டடம் லாவ் பா சாட். ஹொக்கியன் மொழியில் பழைய சந்தை. கோல்மன் 1838-ல் கடலோரமாகக் கட்டிய எட்டுப் பட்டைச் சந்தை, கடலைத் தூர்த்தபோது இடிபட்டது. அதே வடிவத்தை மெக்ரிச்சி வார்ப்பிரும்பில் திரும்ப வரைந்தார், 1894-ல் திறந்தார்கள். இரும்பெல்லாம் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலிருந்து கப்பலில் வந்தது. 1986-ல் மெட்ரோ சுரங்கம் தோண்டுவதற்காகக் கட்டடத்தையே துண்டு துண்டாகக் கழற்றி எடுத்து வைத்து, வேலை முடிந்ததும் மறுபடி பூட்டினார்கள். கட்டடத்தைக் கழற்றிப் பூட்டிய அதே பொறுமையோடுதான் அதற்குள்ளே சாப்பாடு விற்கிறவர்களின் வாழ்க்கையையும் கழற்றிப் பூட்டியிருக்கிறார்கள். விஷயம் அங்கேதான் இருக்கிறது.

ஐம்பதுகளின் சிங்கப்பூர்த் தெருவைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். காவடி மாதிரி ஒரு கழி, ஒரு பக்கம் அடுப்பு, மறுபக்கம் சாமான். மூங்கில் குச்சியைத் தட்டிக்கொண்டு ஒரு பையன் முன்னால் போவான், அந்த 'டொக் டொக்' சத்தம் கேட்டால் நூடுல்ஸ்காரர் வருகிறார் என்று அர்த்தம். பீச் ரோடு பக்கம் சாத்தேக்காரர்கள் கூடுகிற இடத்துக்கு 'சாத்தே கிளப்' என்றே பேர் விழுந்தது. தட்டில் குவித்து வைத்துவிடுவார்கள், தின்று முடித்ததும் குச்சியை எண்ணிக் காசு. வாட்டர்லூ தெருவில் தமிழ் முஸ்லிம்களின் சராபத் கடைகள். இஞ்சி தட்டிப் போட்ட டீ, இந்திய ரோஜாக், மீ கோரெங். சீன நூடுல்ஸை எடுத்து, மிளகாய்ச் சாந்தும் தக்காளியும் போட்டு நம் ஆட்கள் வறுத்தெடுத்த பண்டம்தான் மீ கோரெங். இந்தியாவில் தேடினால் கிடைக்காத 'இந்திய' உணவு. டீயை ஆற்றி நுரை கட்டித் தரும் தே தாரிக்கும் அவர்கள் கைவேலைதான்.

கேட்க இனிப்பாக இருக்கிறது இல்லையா? குழாய்த் தண்ணீர் கிடையாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே வாளித் தண்ணீரில் எல்லாத் தட்டும் கழுவப்பட்டது. மிச்சம் சாக்கடைக்கும் ஆற்றுக்கும் போனது. காலரா, டைபாய்டு பயம் கற்பனை அல்ல. போலீஸ் வந்தால் அடுப்போடு ஓட வேண்டும், பிடிபட்டால் வண்டி போச்சு. பழைய தெருக்கடைகளுக்காக ஏங்குகிற கட்டுரைகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும்: ஏங்குகிறவர்கள் எல்லாம் சாப்பிட்டவர்கள். கழியைத் தோளில் சுமந்தவர்கள் அல்ல.

1968-69-ல் தீவு முழுக்கக் கணக்கெடுத்து சுமார் 18,000 தெருவோர உணவுக்காரர்களைப் பதிவு செய்தார்கள். 1971-லிருந்து 1986-க்குள் அவர்களைத் தெருவிலிருந்து எடுத்து, தண்ணீரும் மின்சாரமும் கழிவுக் குழாயும் உள்ள ஹாக்கர் சென்டர்களில் உட்கார வைத்தார்கள். உணவங்காடி நிலையம் என்று அங்கே தமிழில் எழுதியிருக்கும். உலகத்தின் பல நகரங்கள் தெருக்கடையைத் துரத்தியதோடு நிறுத்திக்கொண்டன. இங்கே மலிவு வாடகையில் இடமும் கொடுத்தார்கள். அதைச் சொல்லாமல் குறை மட்டும் பேசுவது நியாயமில்லை.

ஆற்றுக்கும் இதே வைத்தியம். பத்து வருஷத்தில் இந்த ஆற்றில் மீன் பிடிக்க முடிய வேண்டும் என்று லீ குவான் யூ 1977-ல் சொன்னார். பன்றிப் பண்ணைகள், வாத்துப் பண்ணைகள், கரையோரக் கடைகள் எல்லாம் நகர்ந்தன. 1983-ல் தொங்கான்கள் பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பப்பட்டன. 1987-ல் ஆறு சுத்தம். இன்றைக்கு போட் கீயில் தண்ணீருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நண்டு சாப்பிடுகிறீர்கள் என்றால், நீங்கள் உட்கார்ந்திருப்பது மூட்டை இறங்கிய படித்துறை. படகில் ஏறி ஒரு சுற்று வரலாம், சூலியா தெரு அந்தப் பக்கம்தான்.

சரி, அப்புறம் என்ன ஆச்சு? தெருவைக் காலி செய்த கையோடு, தெரு இல்லாமல் மாலை சப்பென்று இருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். ஆர்ச்சர்ட் ரோட்டில் ஒரு கார் நிறுத்துமிடம் இருந்தது. பகலில் கார்கள், அந்தி சாய்ந்ததும் தள்ளுவண்டிகள். 'கிளட்டன்ஸ் ஸ்கொயர்' என்று பேர். 1978-ல் மூடினார்கள். கால் நூற்றாண்டுக்கு மேல் கழித்து, எஸ்பிளனேடு அரங்கத்தை ஒட்டி அதே பேரின் சாயலில் 'கிளட்டன்ஸ் பே' திறந்தது. தள்ளுவண்டித் தோற்றம், பழைய கால உணர்வு. அங்கேயும் சாப்பிடலாம், கடற்காற்று நன்றாக வரும். சாத்தே கிளப் பின்னாளில் இடம்பெயர்ந்து நின்று, 1995-ல் மூடப்பட்ட எஸ்பிளனேடு பூங்கா அங்கிருந்து நடக்கிற தூரம்தான்.

பூகிஸ் தெருவின் கதை இன்னும் கசப்பு. ஐம்பதுகளிலிருந்து எண்பதுகள் வரை அங்கே நள்ளிரவில் திருநங்கைகள் அலங்காரமாக வந்து நடப்பதைப் பார்க்கவே மாலுமிகளும் வெள்ளைக்காரப் பயணிகளும் சாப்பாட்டு மேசைகளில் காத்திருந்தார்கள். ஊரின் அதிகாரபூர்வ முகத்துக்கு அது சங்கடம். எண்பதுகளின் நடுவில் மெட்ரோ வேலைக்காக இடித்தார்கள். பிறகு பயணிகள் வரவில்லையே என்று, 1991-ல் பக்கத்திலேயே புது பூகிஸ் தெரு ஒன்றைக் கட்டினார்கள். தெரு திரும்பி வந்தது. அந்த ராத்திரிகளை உண்டாக்கியவர்கள் திரும்பவில்லை. இன்றைக்கு அங்கே டி-ஷர்ட்டும் பழச்சாறும் வாங்கலாம்.

2020 டிசம்பரில் யுனெஸ்கோ இந்த ஹாக்கர் பண்பாட்டைத் தன் பட்டியலில் சேர்த்தது. அப்போது கடைக்காரர்களின் நடு வயது அறுபதை ஒட்டி இருந்தது. படித்த பிள்ளைகள் பன்னிரண்டு மணி நேரம் அடுப்படியில் நிற்க வருவதில்லை. உள்ளே போனால் மேசையில் ஒரு டிஷ்யூ பாக்கெட் இருக்கும், யாரோ மறந்துவிட்டார்கள் என்று எடுத்துவிடாதீர்கள். இடம் பிடித்திருக்கிறார்கள், அங்கத்துப் பேச்சில் 'சோப்'. சாப்பிட்டு முடித்ததும் தட்டை நீங்களே கொண்டுபோய் வைக்க வேண்டும். 2021 செப்டம்பரிலிருந்து அது சட்டம்.

ஆனால் சாயங்காலம் எல்லாருக்கும் ஒன்றுபோல வருவதில்லை. கட்டடங்களைக் கட்டுகிற, கப்பல்களைப் பழுதுபார்க்கிற தமிழ்நாட்டுத் தொழிலாளர்களுக்கு வாரத்தில் ஒரே ஒரு மாலைதான் உண்டு. ஞாயிறு. அன்றைக்கு ஊர் ஓரத்து விடுதிகளிலிருந்து லிட்டில் இந்தியாவுக்கு வருவார்கள். பணம் அனுப்ப, காய்கறி வாங்க, ஊர்க்காரனைப் பார்க்க, சும்மா புல்லில் உட்கார. 2013 டிசம்பர் 8, ஞாயிறு இரவு, ரேஸ் கோர்ஸ் சாலையில் தொழிலாளர்களை விடுதிக்கு ஏற்றிச் செல்லும் தனியார் பேருந்து ஒன்று மோதித் தமிழ்நாட்டுத் தொழிலாளி ஒருவர் இறந்தார். சுமார் முந்நூறு பேர் கொந்தளித்தார்கள். போலீஸ் வண்டிகளும் ஒரு ஆம்புலன்ஸும் எரிந்தன. நாற்பது வருஷத்துக்கு மேல் கலவரமே காணாத ஊர். ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் நாடு கடத்தப்பட்டார்கள்.

தொடர்ந்து 2015 ஏப்ரலில் வந்த சட்டப்படி, இரவு பத்தரைக்கு மேல் காலை ஏழு வரை தீவு முழுக்கப் பொது இடத்தில் மது குடிக்கக் கூடாது. லிட்டில் இந்தியாவுக்கு வார இறுதிகளில் அதைவிடக் கெடுபிடி. விடுதிகளுக்குப் பக்கத்திலேயே பொழுதுபோக்கு நிலையங்கள் எழுந்தன: கடை, திரை, கிரிக்கெட் மைதானம் எல்லாம் உண்டு, ஊருக்குள் வராமலே ஞாயிற்றுக்கிழமையை முடித்துக்கொள்ளலாம். கொரோனாக் காலத்தில் ஊர் திறந்த பிறகும் விடுதிகள் வெகுநாள் மூடியே இருந்தன. 2021 செப்டம்பரில்தான் சில நூறு பேரைத் தேர்ந்தெடுத்து, சில மணி நேரத்துக்கு லிட்டில் இந்தியா பார்க்க அழைத்துவந்தார்கள்.

உங்கள் ஒரே மாலை ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால், மெரினா பே விளக்கைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு தேக்காவுக்கு வாருங்கள். சைவக்காரர்களுக்கு சிராங்கூன் சாலையில் 1947-லிருந்து கோமள விலாஸ் இருக்கிறது. மற்றவர்கள் தேக்கா நிலையத்திலேயே மீ கோரெங் வாங்கலாம். காரம் கம்மியா வேணும்னா தமிழிலேயே சொல்லலாம். பிறகு ரேஸ் கோர்ஸ் சாலைப் பக்கம் நடங்கள். அறந்தாங்கிப் பேச்சும் விருத்தாசலத்துப் பேச்சும் காதில் விழும். வீடியோ காலில் குழந்தையிடம் "சாப்பிட்டியா?" என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள், அங்கே நேரம் இரண்டரை மணி பின்னால், இன்னும் வெயில் இருக்கும். புல்லில் இடம் இருந்தால் உட்காருங்கள். விடுதிப் பேருந்துகள் கிளம்புகிற வரைக்கும்தான் இந்தக் கூட்டம்.