நகரும் அமுக்கமும் எழும் அலையும்

1954ஆம் ஆண்டு யூன் 26ஆம் நாட் காலை, அமெரிக்க நாட்டிலே, சிக்காகோ நகரையடுத்த மிச்சிகன் ஏரிக்கரையிற் பலர் தூண்டிலிட்டு மீன்பிடித்துக்கொண்டிருந்தனர். இடியுங் காற்றுமாய் வந்த புயல் அப்பால் நீங்கிவிட்டது. அஞ்சுதற்கு ஏதுமில்லையென்றே தோன்றிற்று. ஆயினும், ஒரு மணித்தியாலத்துக்கு மேற் கழிந்தபின், ஏரி திடீரெனப் பொங்கிக் கரையேறிற்று. அலை வாரிச்சென்றவர்களுள் எண்மர் மாண்டனர்.

ஓய்ந்த புயல் எவ்வாறு அலையெழுப்பும்? வளி நீரை அழுத்திக்கொண்டேயிருக்கின்றது. அமுக்கம் ஒரு மில்லிபார் கூடினால், நீர்மட்டம் ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் தாழும். நிலையாய் நிற்கும் அமுக்கத்தாற் பெருந்தீங்கு விளைவதில்லை. நகரும் அமுக்கத்தின் செய்தியோ வேறு.

நீண்ட அலையின் வேகத்தை நீரின் ஆழமே வரையறுக்கின்றது. 85 மீற்றர் ஆழத்தில் அது மணிக்கு ஏறத்தாழ 104 கிலோமீற்றர். அமுக்கமும் அலையும் ஒத்த வேகத்திற் செல்லுமாயின் நேர்வதை, 1929இல் ஆங்கிலக் கணித அறிஞர் யோசப் பிரவுட்மன் சமன்பாடுகளால் ஆராய்ந்தார். அமுக்கத்தின் வேகம் அலைவேகத்திற் பத்தில் ஒன்பது பங்காயின், நீரின் ஏற்றத்தாழ்வு ஐந்து மடங்குக்குமேற் பெருகும். இரண்டும் சமமாயின், செல்லுந் தூரத்துக்கேற்ப அலை வளர்ந்துகொண்டே போகும். நடப்பவன் முதுகிற் கைவைத்து, அவனோடு கூடவே நடந்து தள்ளுவது போன்றது இது.

சிக்காகோவில் நிகழ்ந்ததும் இதுவே என்பதை யூவிங், பிரெஸ், டொன் என்னும் மூவரும் அவ்வாண்டிலேயே விளக்கினர். புயலோடு ஏரியைக் கடந்த அலை எதிர்க்கரையில் மோதித் திரும்பியே நகரை அடைந்தது. பிளாட்ஸ்மன் என்பார் 1958இல் அவ்வலையை எண்முறையாற் கணித்தார். 1965இல் முன்னறிவித்தலுக்கான இயக்கவியல் அடிப்படையையும் வகுத்தளித்தார்.

1979 மார்ச்சு 31ஆம் நாள், சப்பானின் நாகசாக்கிக் குடாவில் முகட்டுக்கும் பள்ளத்துக்குமிடையே 4.78 மீற்றர் ஏற்றத்தாழ்வு பதிவாயிற்று. கிழக்குச் சீனக் கடலைக் கடந்த சுமார் மூன்று மில்லிபார் அமுக்கமாற்றமே அதன் வித்து. கடலின் ஆழமும் குடாவின் வடிவமும் அதனைப் பெருக்கின.

பிரவுட்மனின் கணிதம் வெளிவந்து இருபத்தைந்து ஆண்டுகள் கடந்தபின்னரே அவ்வெண்மரும் இறந்தனர். புயல் நீங்கியதற்கும் அலை திரும்பியதற்கும் இடையே கிடைத்த அந்த ஒரு மணித்தியாலம், அறிந்து சொல்வார் இருந்திருந்தால், கரையை விட்டு அகல்வதற்குப் போதுமானது.