ஸ்வாதார் உதவித்தொகை: புனேயில் ஆண்டுதோறும் தகுதி புதுப்பித்தல்

டாக்டர் பாபாசாகேப் அம்பேத்கர் ஸ்வாதார் திட்டம், அரசு விடுதியில் இடம் கிடைக்காத பட்டியல் சாதி மாணவர்களும் நவபௌத்த மாணவர்களும் வெளியில் அறை எடுத்துத் தங்கிப் படிக்க மகாராட்டிர அரசு தரும் பண உதவி. இதற்கான அரசாணை 2017 ஜனவரி 6 அன்று வெளியானது. 2016-17 கல்வியாண்டிலிருந்தே நடைமுறைக்கு வந்தது. பதினொன்றாம் வகுப்பு முதல் பட்டயம், பட்டப்படிப்பு வரை படிப்பவர்கள் இதைப் பெறலாம். உணவு, தங்குமிடம், இதர செலவு ஆகிய மூன்றுக்குமான தொகை மாணவரின் வங்கிக் கணக்குக்கே வரும். ஒருமுறை கிடைத்தால் படிப்பு முடியும்வரை தானாகத் தொடராது. ஒவ்வொரு கல்வியாண்டிலும் தகுதியை மறுபடி காகிதத்தில் நிரூபிக்க வேண்டும். உதவியை வாங்குவதைவிடத் தக்கவைப்பதுதான் கடினம் என்று புனேயின் மாணவர்கள் சொல்வது இதனால்தான்.

இந்தியாவில் ஏழைக் குடும்பங்களின் வீட்டு வாடகைக்கென அரசு நேரடியாகப் பணம் தரும் பொதுத் திட்டம் கிடையாது. வீட்டுவசதித் திட்டங்கள் பெரும்பாலும் வீடு கட்டவும் வாங்கவும் உதவுகின்றன. வாடகைக்குப் பணம் தந்து, ஆண்டுதோறும் தகுதியையும் சரிபார்க்கும் ஏற்பாட்டுக்கு ஸ்வாதாரும் அதன் உடன்பிறப்புத் திட்டங்களும்தான் நல்ல எடுத்துக்காட்டு. பழங்குடி மாணவர்களுக்கு பண்டித் தீனதயாள் உபாத்யாய் ஸ்வயம் திட்டம் உண்டு. அதுவும் 2016-17-இல் தொடங்கியது. சிறு விவசாயிகள், பதிவுபெற்ற தொழிலாளர்கள் ஆகியோரின் பிள்ளைகளுக்கு டாக்டர் பஞ்சாப்ராவ் தேஷ்முக் விடுதிப் பராமரிப்புத் தொகை. இதர பிற்படுத்தப்பட்டோருக்கும் நாடோடிப் பழங்குடியினருக்கும் ஞானஜோதி சாவித்ரிபாய் பூலே ஆதார் திட்டம் பின்னர் வந்தது. பெயர்களும் துறைகளும் வேறு. கேட்கும் தாள்கள் ஏறக்குறைய ஒன்றே.

பின்னணி

மாநிலச் சமூக நல ஆணையரகம் புனேயில் இருக்கிறது. மாவட்ட அளவில் விண்ணப்பங்களைப் பார்ப்பவர் சமூக நல உதவி ஆணையர். புனே மாவட்டத்துக்கு அவருடைய அலுவலகம் எரவாடாவை ஒட்டிய விஷ்ராந்த்வாடியில், சமூக நீதிக் கட்டடத்தில் உள்ளது. இந்தப் பகுதிக்கும் இந்த உதவிக்கும் பழைய தொடர்பு உண்டு. 1932 செப்டம்பர் 24 அன்று, காந்தி எரவாடா சிறையில் உண்ணாவிரதம் இருந்த நாட்களில், புனா ஒப்பந்தம் கையெழுத்தானது. தொகுதி ஒதுக்கீட்டுக்காகவே அது நினைவுகூரப்படுகிறது. ஆனால் அதன் ஒன்பதாவது பிரிவு, ஒவ்வொரு மாகாணத்தின் கல்வி மானியத்திலும் ஒடுக்கப்பட்ட வகுப்பினரின் கல்வி வசதிக்கெனப் போதிய தொகையைத் தனியே ஒதுக்க வேண்டும் என்கிறது. அம்பேத்கருடன் அதில் கையெழுத்திட்டவர்களில் தமிழகத்தின் இரட்டைமலை சீனிவாசனும் எம். சி. ராஜாவும் உண்டு. விஷ்ராந்த்வாடியில் இன்று ஒரு மாணவி வரிசையில் நின்று கேட்பது அந்தப் பிரிவு வாக்களித்த பணத்தைத்தான். சலுகை என்ற சொல்லை இங்கே பயன்படுத்துவது வரலாற்றுக்குப் பொருந்தாது.

தொகை

மும்பை, நவி மும்பை, தானே, புனே, பிம்ப்ரி-சிஞ்ச்வட், நாக்பூர் ஆகிய நகரங்களில் படிப்பவருக்கு ஆண்டுக்கு 60,000 ரூபாய். இதில் உணவுக்கு 32,000, தங்குமிடத்துக்கு 20,000, இதர செலவுக்கு 8,000. அடுத்த நிலை நகரங்களில் மொத்தம் 51,000. மற்ற மாவட்டத் தலைநகரங்களில் 43,000. மருத்துவம், பொறியியல் மாணவர்களுக்குக் கல்விப் பொருள்களுக்காக ஆண்டுக்கு 5,000 ரூபாயும் மற்றவர்களுக்கு 2,000 ரூபாயும் கூடுதலாக உண்டு.

தங்குமிடத்துக்கான 20,000 ரூபாயைக் கல்வியாண்டின் பத்து மாதங்களுக்குப் பிரித்தால் மாதம் 2,000 வருகிறது. பிற்படுத்தப்பட்டோருக்கான ஆதார் திட்டம் 2023-24-இல் அறிவிக்கப்பட்டபோதும் பெருநகரத் தொகை அதே 60,000 ஆகவே வைக்கப்பட்டது. 2017-இல் போட்ட கணக்கை ஏழு ஆண்டு விலையேற்றத்துக்குப் பிறகும் மாற்றாமல் எடுத்துக்கொண்டது சரியில்லை.

யாருக்கு

குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாணவர் மகாராட்டிரத்தில் நிரந்தர வசிப்பிடம் கொண்டவராகவும், கல்லூரி இருக்கும் ஊரைச் சேராதவராகவும் இருக்க வேண்டும். அரசு விடுதிக்கு விண்ணப்பித்து இடம் கிடைக்காதிருக்க வேண்டும். முந்தைய தேர்வில் 50 விழுக்காடு மதிப்பெண் தேவை, மாற்றுத்திறனாளிகளுக்கு 40. படிப்பு இரண்டு ஆண்டுகளுக்குக் குறையாததாக இருக்க வேண்டும். புனேயின் சதாசிவ பேட்டையிலும் நாராயண பேட்டையிலும் அறை எடுத்துப் போட்டித் தேர்வுக்குத் தயாராகும் பட்டதாரிகள் ஏராளம். கல்லூரியில் பதிவு இல்லாததால் அவர்களுக்கு ஸ்வாதார் இல்லை.

தாள்களும் அவற்றின் காலமும்

கேட்கப்படும் ஆவணங்கள் இரண்டு வகை. சாதிச் சான்று, ‘வேலிடிட்டி’ என்று எல்லோரும் சொல்லும் சாதிச் சரிபார்ப்புச் சான்று, இருப்பிடச் சான்று ஆகியவை ஒருமுறை கைக்கு வந்தால் போதும். வேலிடிட்டி வாங்குவது பெரிய வேலை. 2000-ஆம் ஆண்டின் மகாராட்டிரச் சாதிச் சான்றுச் சட்டப்படி ஆய்வுக் குழு ஒன்று தந்தை, பாட்டனார் ஆகியோரின் பழைய பள்ளி ஆவணங்களைப் பார்த்தே அதை வழங்கும். ஆனாலும் அது மறுபடி கேட்கப்படும்போது பழைய தாளையே காட்டலாம்.

மாணவர்களை அலைக்கழிப்பது இரண்டாம் வகை. வருமானச் சான்று, கல்லூரியில் படிப்பதைக் காட்டும் ‘போனஃபைட்’ சான்று, மதிப்பெண் பட்டியல், வருகைச் சான்று, வேறு உதவி பெறவில்லை என்ற உறுதிமொழி, வாடகை ஒப்பந்தம், மெஸ் ரசீது ஆகியவற்றை ஆண்டுதோறும் புதிதாகத் தர வேண்டும். இவை ஒரே நாட்காட்டியைப் பின்பற்றுவதில்லை. தாசில்தார் தரும் ஓராண்டு வருமானச் சான்று மார்ச் 31-ஓடு காலாவதியாகும். கல்வியாண்டோ ஜூன், ஜூலையில் தொடங்குகிறது. வாடகை ஒப்பந்தம் பதினொரு மாதத்துக்கு எழுதப்படுகிறது. மதிப்பெண் பட்டியல் பல்கலைக்கழகம் முடிவு வெளியிடும் நாளைப் பொறுத்தது. வருகை 75 விழுக்காடு இருந்ததென்ற சான்றோ பருவம் ஓடிய பிறகுதான் கிடைக்கும். ஆக, எல்லாத் தாளும் ஒரே நேரத்தில் செல்லுபடியாகும் காலம் குறுகியது. தகுதி குறையாத பலர் தேதி தவறுவதால் விலக்கப்படுகிறார்கள்.

வருமானச் சான்றுக்குச் சொந்த ஊருக்குப் போக வேண்டியிருக்கிறது. நாந்தேடு, லாத்தூர், பீடு போன்ற மாவட்டங்களின் பிள்ளைகள் புனேயில் படிக்கிறார்கள். நம் ஊர்க் கிராம நிர்வாக அலுவலரைப் போன்ற தலாட்டியிடம் குடும்பம் முதலில் வருமான விவரம் எழுதி வாங்க வேண்டும். அதைச் சேது கேந்திரம் என்னும் அரசுச் சேவை மையம் அல்லது ஆப்லே சர்க்கார் இணையதளம் வழியாகத் தாசில்தாருக்கு அனுப்ப வேண்டும். தந்தை கரும்பு வெட்டக் குடும்பத்தோடு வெளியூர் போயிருந்தால் தலாட்டியிடம் போய் நிற்க ஆள் இல்லை. இதற்காகவே ஏப்ரல், மே மாதங்களில் ஊரில் இருக்கும்போதே புதிய நிதியாண்டின் சான்றை வாங்கிவிடுவது நல்லது. சாதி, வருமானம், இருப்பிடச் சான்றுகளுக்காக அலுவலகங்களில் தரும் உறுதிமொழிகளுக்கு முத்திரைக் கட்டண விலக்கு உண்டு. மாநிலத்தில் குறைந்தபட்ச முத்திரைத்தாள் 2024 அக்டோபரிலிருந்து 500 ரூபாய் ஆகிவிட்டதால், இந்த விலக்கைத் தெரிந்துவைத்திருப்பது பணத்தை மிச்சப்படுத்தும்.

வாடகை ஒப்பந்தம்

மேலே சொன்ன தாள்களில் வீட்டுக்காரரின் விருப்பத்தைப் பொறுத்தது வாடகை ஒப்பந்தம் ஒன்றுதான். அதிகம் சிக்கலாவதும் இதுதான். புனேயில் மாணவர்கள் பெரும்பாலும் வீடு எடுப்பதில்லை, கட்டில் எடுக்கிறார்கள். ‘காட் பேசிஸ்’ என்பார்கள்: ஓர் அறையில் மூன்று நான்கு கட்டில்கள், கட்டிலுக்கு இவ்வளவு என்று வாடகை. கட்டிலுக்கு ஒப்பந்தம் எழுதித் தர வீட்டுக்காரர்கள் விரும்புவதில்லை. வருமான வரி, வீட்டுவசதிச் சங்கத்தின் கேள்விகள், பதிவுச் செலவு எனத் தயக்கத்துக்குக் காரணங்கள் பல.

பதினொரு மாத ஒப்பந்தம் என்ற வழக்கம் நாடு முழுவதும் இருப்பதற்குக் காரணம் 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிய வேண்டும் என்கிறது அது. அதைத் தவிர்க்கவே ஒரு மாதம் குறைத்து எழுதுகிறார்கள். மகாராட்டிரத்தில் இந்த உத்தி செல்லாது. 1999-ஆம் ஆண்டின் மகாராட்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 55-ஆம் பிரிவில், குடியிருப்பவருக்கு எழுதித் தரும் எந்த ஒப்பந்தமும், ‘லீவ் அண்ட் லைசன்ஸ்’ எனும் உரிம ஒப்பந்தம் உட்பட, எழுத்தில் இருக்க வேண்டும், பதிவாக வேண்டும் என்கிறது. காலம் எவ்வளவு என்பது பொருட்டல்ல. பதிவு செய்யும் பொறுப்பு வீட்டுக்காரருடையது. தவறினால் மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம். பதிவில்லாத நிலையில் வழக்கு வந்தால், நிபந்தனைகள் பற்றி வாடகைக்கு இருப்பவர் சொல்வதே, வேறாக நிரூபிக்கப்படும்வரை, ஏற்கப்படும். நகராட்சிப் பகுதியில் பதிவுக் கட்டணம் 1,000 ரூபாய். முத்திரைக் கட்டணம் மொத்த வாடகையில் கால் விழுக்காடு. இணையவழியே பதியலாம்.

சட்டம் மாணவர் பக்கம் இருக்கிறது. ஆனால் பதினெட்டு வயதுப் பிள்ளை, ஊர் தெரியாத நகரத்தில், அடுத்த மாதமும் அதே கட்டிலில் படுக்க வேண்டிய நிலையில், வீட்டுக்காரரிடம் 55-ஆம் பிரிவைச் சொல்லிக் கேட்க முடியாது. சாதியைச் சொன்னால் அறை கிடைக்குமா என்ற அச்சம் உள்ளவரிடம், சமூக நல அலுவலகத்துக்காக ஒப்பந்தம் வேண்டும் என்று கேட்கச் சொல்வது, அந்தச் சாதியைத் தானே வெளிப்படுத்தச் சொல்வதாகவும் ஆகிறது. இந்தத் திட்டத்தின் மிகப் பெரிய குறை இதுதான் என்பேன்.

ஜெர்மனியின் மாணவர் உதவித் திட்டமான பாஃபேக் இங்கே ஒப்பிடத் தக்கது. 1971-இல் தொடங்கிய அத்திட்டத்துக்கும் வழக்கமாக ஆண்டுக்கு ஒருமுறை விண்ணப்பிக்க வேண்டும். பெற்றோரின் வருமானமும் பார்க்கப்படும். ஆனால் தங்குமிடத் தொகை 2010 முதல் ஒரே அளவானது. வாடகை எவ்வளவு என்ற கேள்வி இல்லை. பெற்றோருடன் வசிக்கவில்லை என்பது போதும். ஸ்வாதாரிலும் தங்குமிடத் தொகை ஒரே அளவுதான். வாடகை 1,500 ஆனாலும் 4,000 ஆனாலும் 20,000 ரூபாய்க்கு மேல் வராது. சொந்த ஊர் வேறு என்பதை இருப்பிடச் சான்று காட்டுகிறது, வகுப்புக்கு வருவதைக் கல்லூரி சொல்கிறது, விடுதியில் இடமில்லை என்பது துறைக்கே தெரியும். இதற்கு மேல் ஒப்பந்தம் நிரூபிப்பது மிகக் குறைவு. அமெரிக்காவில் 1974 முதல் உள்ள எட்டாம் பிரிவு வாடகை உதவியில் ஆண்டுதோறும் வருமானம் சரிபார்க்கப்படுகிறது. அங்கே வாடகைக்கு ஏற்ப உதவி மாறுவதால் ஒப்பந்தம் கேட்பதில் நியாயம் உண்டு. இங்கே அது இல்லை.

வங்கிக் கணக்கு

விண்ணப்பம் இப்போது இணையவழியில் நடக்கிறது. விடுதிச் சேர்க்கைக்கும் ஸ்வாதாருக்கும் ஒரே தளம். பணம் ஆதாருடன் இணைத்த கணக்குக்குப் போகும். பல கணக்குகள் இருந்தால், அரசு உதவிக்கென ஆதாரைக் கடைசியாக எந்த வங்கியில் இணைத்தார்களோ அங்கே போய்ச் சேரும். புனே வந்ததும் புதுக் கணக்கு தொடங்கிவிட்டுப் பழைய கணக்கைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் பணம் வரவில்லை என்று எண்ணுவது இதனால்தான். இரண்டு ஆண்டு வரவு செலவு இல்லாத கணக்கு செயலற்றதாகிவிடும். அதையும் புதுப்பித்துக்கொள்ள வேண்டும்.

புனேத் தமிழர்

கட்கி, கேம்ப், ராஸ்தா பேட்டை ஆகிய இடங்களில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. அவர்களில் பட்டியல் சாதியினர் ஒரு விதியை அறிந்திருக்க வேண்டும். மகாராட்டிரத்தின் பட்டியல் சாதி உரிமை, 1950 ஆகஸ்ட் 10-இல் அம்மாநிலத்தில் நிலையாக வசித்த குடும்பத்தின் வழிவந்தவர்களுக்கே உரியது. பழங்குடியினருக்கு அந்த நாள் 1950 செப்டம்பர் 6. அதன்பின் குடியேறியவர்கள் தமிழ்நாட்டுச் சான்றை வைத்து இங்கே உரிமை கோர முடியாது. ஒரு மாநிலத்தின் பட்டியல் நிலை குடிபெயர்ந்தவரோடு கூடவே வராது என்று உச்ச நீதிமன்றம் 1990-இல் மரி சந்திரசேகர ராவ் வழக்கில் தீர்ப்பளித்தது. கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் 1950-க்கு முன்பே சேர்ந்த பாட்டனாரின் பணிப் பதிவேடோ, அவர் பிள்ளைகள் படித்த பள்ளியின் மாற்றுச் சான்றோ வீட்டில் இருந்தால் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். வேலிடிட்டிக்கு அந்தத் தாள்கள் மதிப்புள்ள சான்றாகும்.

தாமதமானால்

2015-ஆம் ஆண்டின் மகாராட்டிரப் பொதுச் சேவை உரிமைச் சட்டம், அறிவிக்கப்பட்ட சேவை ஒவ்வொன்றுக்கும் காலக்கெடு வைத்துள்ளது. வருமானச் சான்றும் அதில் அடங்கும். கெடு தவறினால் துறைக்குள்ளேயே இரண்டு மேல்முறையீடுகள், பிறகு சேவை உரிமை ஆணையம். காரணமின்றித் தாமதித்த அலுவலருக்கு 500 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். மேல்முறையீட்டுக்கு முதலில் வேண்டியது விண்ணப்பித்த நாளைக் காட்டும் ரசீது. சேது கேந்திரத்தில் தாளைக் கொடுத்துவிட்டு ரசீது இல்லாமல் திரும்ப வேண்டாம்.