ஜப்பானியத் தாய் கட்டிய சோறு



மன்னர்களுக்கு வரலாறு உண்டு. போர்களுக்கு வரலாறு உண்டு. விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டி, பிள்ளைக்குச் சோறு கட்டிக் கொடுத்துவிட்டு வேலைக்கு ஓடுகிறாளே தாய், அந்தக் கட்டுச்சோற்றுக்கு வரலாறு உண்டா? உண்டு. ஜப்பான் நாட்டில் அதை அக்கறையோடு எழுதி வைத்திருக்கிறார்கள். அங்கே கட்டுச்சோற்றுக்குப் 'பெந்தோ' என்று பெயர். சிறு பிள்ளையின் கையில் அந்தப் பெந்தோ எப்படி வந்து சேர்ந்தது என்பதைத்தான் இன்று நாம் பார்க்கப் போகிறோம்.

அதற்கு முன் ஒரு சிறு செய்தி. பள்ளியில் ஓய்வு மணி அடித்ததும் பிள்ளைகள் சாப்பிடுவதை ஆசிரியர்களாகிய நாங்கள் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறோம். சில பிள்ளைகள் மூடியை அகலத் திறந்து வைத்துச் சாப்பிடுவார்கள். சில பிள்ளைகள் பாதி மட்டும் திறந்து, அந்த மூடியாலேயே சோற்றை மறைத்துக்கொண்டு சாப்பிடுவார்கள். ஏன் என்று நாங்கள் கேட்பதில்லை. காரணம் எங்களுக்குத் தெரியும். இந்தப் பாதி திறந்த மூடியை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஜப்பானின் கதையிலும் அது வரும்.

பழங்காலத்து ஜப்பானில் வழிநடைப் பயணிகளும் போர்வீரர்களும் 'ஹொஷீ' என்ற உணவைக் கொண்டு போனார்கள். சோற்றை ஆக்கி, வெயிலில் காய வைத்து, சிறு பையில் கட்டிக்கொள்வார்கள். பசித்தபோது அப்படியே மெல்லலாம். தண்ணீரில் ஊற வைத்தும் உண்ணலாம். சோற்றைக் கையால் அழுத்திப் பிடித்த உருண்டைகளும் இருந்தன. 'ஒனிகிரி' எனப்படும் அந்த உருண்டைகளை மூங்கில் பாளையில் பொதிந்து எடுத்துச் செல்வார்கள். பதினாறாம் நூற்றாண்டின் முடிவில் அரக்குப் பூசிய அழகிய மரப்பெட்டிகள் வந்தன. பிரபுக்களும் செல்வர்களும் செர்ரி மரங்கள் பூக்கும் காலத்தில் மரத்தடியில் அமர்ந்து அவற்றில் விருந்துண்டார்கள். 1603 முதல் 1868 வரை நீடித்த எதோ காலத்தில், நாடகக் கொட்டகையில் காட்சிக்கும் காட்சிக்கும் இடையே சாப்பிடுவதற்கென்றே ஒரு பெந்தோ உண்டாயிற்று. 'மகுனோஉச்சி' என்ற அதன் பெயருக்குத் 'திரைகளுக்கு நடுவே' என்று பொருள்.

1872-ஆம் ஆண்டு ஜப்பானில் இரண்டு பெரிய மாறுதல்கள் நிகழ்ந்தன. தோக்கியோவின் ஷிம்பாஷிக்கும் யோக்கோஹாமாவுக்கும் இடையே முதல் இரயில் ஓடியது. அதே ஆண்டில் நாடு முழுவதற்கும் பொதுவான பள்ளிக்கூட முறையும் தொடங்கியது. இரண்டுமே கட்டுச்சோற்றைப் பெருக்கின. 1885-ஆம் ஆண்டில் உட்சுனோமியா நிலையத்தில் விற்கப்பட்டதே முதல் இரயில் பெந்தோ என்று பொதுவாகச் சொல்வார்கள். இரண்டு சோற்றுருண்டை, உள்ளே உப்பில் ஊறிய உமே காய், பக்கத்தில் இரண்டு துண்டு முள்ளங்கி ஊறுகாய்; விலை 5 சென். ஆம், நேயர்களே, அந்நாளில் அவர்களுடைய சிறு காசுக்கும் 'சென்' என்றுதான் பெயர் இருந்தது.

பள்ளிக்கூடம் வந்த பிறகுதான் பிள்ளையின் சோறு ஊரார் கண்ணில் பட்டது. அதுவரை எந்த வீட்டில் என்ன சாப்பாடு என்பது அந்த வீட்டோடு போயிற்று. இப்போது நாற்பது பிள்ளைகள் ஒரே அறையில் உட்கார்ந்து, ஒரே நேரத்தில் மூடியைத் திறக்கிறார்கள். சிலரிடம் திறப்பதற்குப் பெட்டியே இல்லை.

வடக்கே யமகத்தா மாநிலத்தில் ட்சுருவோக்கா என்ற ஊர் இருக்கிறது. அங்கே பௌத்தத் துறவிகள் ஏழைப் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளி நடத்தினார்கள். சோறு கொண்டுவர முடியாத பிள்ளைகளுக்கு 1889-ஆம் ஆண்டில் அவர்களே மதிய உணவு கொடுக்கத் தொடங்கினார்கள். சோற்றுருண்டை, உப்பிட்டுச் சுட்ட மீன், ஊறுகாய், அவ்வளவுதான். அதற்கான பொருளைத் துறவிகள் வீடு வீடாகச் சென்று பிச்சையெடுத்துச் சேர்த்தார்கள். மணிமேகலையின் அமுதசுரபியை அறிந்த நமக்கு இது பழகிய காட்சியாகத் தோன்றும். ஜப்பானின் பள்ளி உணவுத் திட்டத்துக்கு இதையே தொடக்கமாகக் கொள்கிறார்கள்.

முதல் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் அலுமினியப் பெட்டி வந்தது. வெள்ளிபோல் பளபளக்கும், கழுவுவதும் எளிது. குளிர்காலத்தில் பிள்ளைகள் தங்கள் பெட்டிகளை வகுப்பறை அடுப்பின் அருகே அடுக்கிச் சூடாக்கிக்கொள்வார்கள். பாடம் நடக்கும்போதே ஊறுகாய் மணம் அறை முழுவதும் பரவிவிடும். ஆனால் பளபளப்பான பெட்டி எல்லா வீட்டுக்கும் எட்டவில்லை. போரினால் சிலர் பணக்காரர் ஆனார்கள். வடகிழக்குப் பகுதி உழவர்களோ விளைச்சல் பொய்த்து வாடினார்கள். பணக்காரப் பிள்ளையின் பெட்டியில் முட்டையும் மீனும் இருந்தன. ஏழைப் பிள்ளையின் பெட்டியில் வாற்கோதுமையும் கிழங்கும் இருந்தன. அந்தப் பிள்ளை மூடியால் மறைத்துக்கொண்டு சாப்பிட்டது. பள்ளிக்குச் சோறு கட்டி வரும் வழக்கத்தையே நிறுத்திவிடலாமா என்ற விவாதம் கூட அந்நாளில் எழுந்தது. 1930களின் தொடக்கத்தில் பஞ்சம் முற்றியபோது, மதிய உணவே இல்லாத பிள்ளைகள் பெருகினார்கள். 1932-ஆம் ஆண்டில் அரசாங்கம் முதன்முறையாகப் பள்ளி உணவுக்குப் பண உதவி செய்தது.

பின்னர் போர்க்காலம் வந்தது. வெள்ளைச் சோற்றின் நடுவே ஒரே ஒரு சிவந்த உமே காய். பார்ப்பதற்கு ஜப்பான் கொடியைப்போல் இருக்கும். கொடியின் பெயராலேயே அதை 'ஹினோமாரு' பெந்தோ என்றார்கள். 1939 செப்டம்பர் முதல், மாதத்தின் முதல் நாளில் இதையே உண்டு நாட்டுக்காகச் சிக்கனம் பிடிக்க வேண்டும் என்று மக்கள் வற்புறுத்தப்பட்டார்கள். அதே கொடி 1942 முதல் 1945 வரை மலாயாவிலும் பறந்தது. நம் தோட்டங்களில் அரிசி அருகி, மரவள்ளிக் கிழங்கே உணவான காலம் அது. சயாம் மரண இரயில் பாதைக்குப் போனவர்களில் திரும்பாதவர்கள் எத்தனையோ பேர். அந்த வேதனையை நாம் மறக்கவில்லை; மறக்கவும் கூடாது. ஆனால் அந்தப் போர் ஜப்பானியத் தாய்மாரையும் விட்டுவைக்கவில்லை.

ஹிரோஷிமா நகரின் அமைதி நினைவுக் காட்சிசாலையில் ஒரு சோற்றுப் பெட்டி இருக்கிறது. நடுநிலைப் பள்ளியில் முதல் வகுப்பு படித்த 13 வயதுச் சிறுவனுடையது. 1945 ஆகஸ்டு 6-ஆம் நாள் காலையில் அவன் தாய் அதைக் கட்டிக் கொடுத்தாள். அரிசியோடு வாற்கோதுமையும் சோயாவும் கலந்த சோறு. கூடவே வதக்கிய உருளைக்கிழங்கு. அவன் தானே பாடுபட்டுப் பயிரிட்ட நிலத்தின் முதல் விளைச்சல் அது. மகிழ்ச்சியோடு எடுத்துச் சென்றான். அன்று காலை அணுகுண்டு விழுந்தது. மூன்று நாளுக்குப் பின் தாய் மகனின் உடலைக் கண்டெடுத்தாள். உடலின் அடியில் அந்தப் பெட்டி இருந்தது. உள்ளே இருந்த சோறு கரியாகியிருந்தது. அவன் ஒரு வாய் கூட உண்ணவில்லை.

போர் முடிந்தபின் நாடே பசித்திருந்தது. 1946 டிசம்பர் 24-ஆம் நாள், வெளிநாட்டு நிவாரணப் பொருள்களைக் கொண்டு தோக்கியோ முதலிய சில இடங்களில் பள்ளி உணவு மீண்டும் தொடங்கியது. பிறகு பெருநகரங்களில் ரொட்டியும் கொழுப்பு நீக்கிய பால்மாவில் கரைத்த பாலும் கொடுத்தார்கள். 1954-ஆம் ஆண்டில் பள்ளி உணவுக்கென்றே ஒரு சட்டம் இயற்றப்பட்டது. 1976-ஆம் ஆண்டில் சோறும் முறைப்படி அதில் சேர்ந்தது. தொடக்கப் பள்ளிகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே உணவு என்று ஆனபின், மூடியால் மறைக்க வேண்டிய அவசியம் குறைந்தது.

ஆனால் பாலர் பள்ளிகள் பலவற்றில் தாயின் பெந்தோ நிலைத்தது. மூன்று நான்கு வயதுப் பிள்ளை முதன்முறையாக வீட்டைப் பிரிந்து போகிறது. அதன் கையில் வீட்டின் ஒரு துண்டாகப் பெட்டி இருக்கிறது. அதை எப்படிக் கட்டுகிறார்கள் என்று கேளுங்கள். பெட்டி சிறியது, ஏறக்குறைய 300 மில்லிலிட்டர்தான் கொள்ளும். பிள்ளை மிச்சம் வைக்காமல் முடித்தோம் என்று பெருமைப்பட வேண்டும் என்பதே நோக்கம். சோற்றை நன்றாக ஆறவிட்ட பிறகே மூடுகிறார்கள். சூட்டோடு மூடினால் உள்ளே நீர் வியர்த்துச் சோறு கெட்டுவிடும். கறிகளை நீர் வற்றச் சமைக்கிறார்கள். பை ஆடினாலும் கலையாதபடி இடைவெளியின்றி அடுக்குகிறார்கள். சோறு 3 பங்கு, மீன் முட்டை போன்றவை 1 பங்கு, காய்கறி 2 பங்கு என்பது ஒரு நல்ல கணக்கு. சிவப்பு, மஞ்சள், பச்சை, வெள்ளை, கறுப்பு ஆகிய ஐந்து நிறமும் இருந்தால் சத்தும் பலவகையாக அமையும் என்பது அவர்களின் பழைய வழக்கு. சுருட்டிய முட்டை மஞ்சள், கேரட் சிவப்பு, கீரை பச்சை, சோறு வெள்ளை, கடற்பாசி கறுப்பு. ஆப்பிள் தோலை முயல் காதுபோல் சீவி வைத்தால், பழம் உண்ண அடம் பிடிக்கும் பிள்ளையும் உண்ணும்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. பாலர் பள்ளி பெந்தோவைக் கொண்டு பிள்ளையை மட்டுமன்றித் தாயையும் அளந்து பார்க்கிறது என்று ஆன் அலிசன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1991-ஆம் ஆண்டில் எழுதினார். அதற்குப் பிந்திய ஆண்டுகளில், சோற்றிலே கரடியும் பூனையும் கேலிச்சித்திர உருவங்களும் செய்து வைக்கும் வழக்கம் பரவியது. திறமைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் நேரமில்லாத தாயின் பிள்ளை, பக்கத்துப் பெட்டியைப் பார்த்துத் தன் மூடியைப் பாதியிலேயே நிறுத்துகிறது. பழைய வருத்தம் புதிய உருவில் திரும்பி வந்துவிட்டது.

நேயர்களே, இந்த வரலாற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது கரடி பொம்மையும் அன்று, கடற்பாசியும் அன்று. புளி சேர்த்தால் சோறு கெடாது என்று நம் பாட்டிமார் புளிச்சோறு கட்டினார்கள். ஜப்பானியப் பாட்டிமார் அதற்காகவே புளிப்பான உமே காயை வைத்தார்கள். இருவருக்கும் ஒரே அறிவு. ஆகவே உள்ளதை ஆறவைத்து, அளவாக, துப்புரவாகக் கட்டுங்கள். ஒரு துண்டு காய், பாதி முட்டை, ஒரு கைப்பிடி கீரை இருந்தால் அதுவே நல்ல பெந்தோ. விலை உயர்ந்தது இல்லையே என்று தாய் வருந்த வேண்டாம்; அந்த வருத்தம் பிள்ளைக்குத் தொற்றிக்கொள்ளும்.

ஆசிரியர்களாகிய எங்களுக்கும் இதில் பாடம் உண்டு. ட்சுருவோக்காத் துறவிகள் முதலில் பார்த்தது பிள்ளையின் பாடப் புத்தகத்தை அன்று, அதன் வெறுங்கையை. ஓய்வு மணி அடித்ததும் எந்தப் பிள்ளை மூடியைத் திறக்கவில்லை என்று பார்ப்பதும் எங்கள் வேலைதான். அந்தப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து எங்கள் சோற்றையும் திறந்து வைத்துச் சாப்பிட்டால், அதன் மூடி கொஞ்சம் கொஞ்சமாகத் திறப்பதைக் கண்டிருக்கிறோம்.