நத்துவைக் கடைசிவரை நடக்கவைத்தவர்: கோவிந்த் நிஹலானியும் 'தமஸ்' வழக்கும்

செய்யூர் வட்டத்தில் கல்லூரி மாணவர்களுக்கு நாம் நடத்தும் சட்ட வகுப்பில், ஆண்டுதோறும் மார்ச் மாதக் கடைசியில் ஒரே கேள்வி எழும். ஏப்ரல் 14 அன்று காலனியில் நாடகம் போட அனுமதி கேட்டால், வன்கொடுமையைக் காட்டும் காட்சியை எடுத்துவிடச் சொல்கிறார்கள். இல்லையேல் சட்டம் ஒழுங்கு கெடும் என்கிறார்கள். அப்படிச் சொல்ல அவர்களுக்கு அதிகாரம் உண்டா? இக்கேள்விக்கான விடையை நாம் ஓர் இந்தித் தொலைக்காட்சித் தொடரிலிருந்து தொடங்குவது வழக்கம். மாணவர்களில் ஒருவர்கூட அதைப் பார்த்திருப்பதில்லை. 1988இல் தூர்தர்ஷனில் ஒளிபரப்பான 'தமஸ்' அது. அதற்குத் திரைக்கதை எழுதி, இயக்கி, தயாரிப்பிலும் பங்கேற்றவர் கோவிந்த் நிஹலானி. அத்தொடரால் எழுந்த வழக்கின் தீர்ப்பு இன்றும் நமது மனுக்களில் இடம்பெறுகிறது. அத்தொடரின் மையத்தில் நின்ற மனிதரோ, செத்த மாட்டின் தோலை உரித்துப் பிழைக்கும் ஒரு தலித்.

நிஹலானி 1940இல் கராச்சியில் பிறந்தவர். பிரிவினையின்போது அவரது குடும்பம் இந்தியாவுக்குப் பெயர்ந்தது. பெங்களூருவில் ஜெயசாமராஜேந்திர பாலிடெக்னிக்கில் ஒளிப்பதிவு பயின்றார். குரு தத் படங்களின் ஒளிப்பதிவாளர் வி. கே. மூர்த்தியிடம் உதவியாளராக இருந்தார். பின்னர் ஷியாம் பெனகலின் 'அங்கூர்' (1974), 'நிஷாந்த்' (1975), 'மந்தன்' (1976) ஆகிய படங்களுக்கு அவரே ஒளிப்பதிவாளர். நிலவுடைமைக் குடும்பத்து இளைஞனிடம் சிக்கும் தலித் பெண்ணின் கதை 'அங்கூர்'. கூட்டுறவுப் பால் சங்கத்தில் ஊருக்கும் சேரிக்கும் இடையே நிகழும் மோதல் 'மந்தன்'. எழுதத் தொடங்குமுன்பே, சாதி இயங்கும் விதத்தைப் பல ஆண்டுகள் கேமரா வழியாகப் பார்த்துப் பழகியவர் அவர்.

இயக்குநராக அவரது முதற்படம் 'ஆக்ரோஷ்' (1980). விஜய் தெண்டுல்கர் எழுதிய அப்படத்தைச் சட்டம் பயிலும் எவரும் தவறவிடக்கூடாது. மனைவியைக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட லஹான்யா பிக்கு என்னும் ஆதிவாசியும், இலவச சட்ட உதவியில் அவருக்காக நியமிக்கப்பட்ட இளம் வழக்கறிஞரும் அதன் பாத்திரங்கள். கட்சிக்காரர் வாயே திறப்பதில்லை. உண்மையில் அந்தப் பெண்ணை வல்லுறவுக்கு ஆளாக்கிக் கொன்றவர்கள் ஊரின் அதிகார வர்க்கத்தார். தந்தையின் ஈமச் சடங்குக்காகக் காவலுடன் அழைத்துவரப்படும் லஹான்யா, தன் தங்கைக்கும் அதே கதி நேராதிருக்க அவளைக் கோடரியால் வெட்டிச் சாய்க்கிறார். அதன்பிறகே அவர் அலறுகிறார். எதிரே வாதாடும் அரசு வழக்கறிஞரும் ஆதிவாசிக் குடியில் பிறந்தவர் என்பது தெண்டுல்கர் வைத்த முள். வன்கொடுமை வழக்குகளில் முதல் நாள் எதுவும் பேசாத கட்சிக்காரர்களை நாமும் சந்தித்திருக்கிறோம். அந்த மௌனத்தை ஒத்துழையாமை என்று குறிப்பெழுதி வைப்பது எளிது.

'தமஸ்' நாவலை அவர் கண்டெடுத்தது டில்லியில் ஒரு புத்தகக் கடையில். அட்டன்பரோவின் 'காந்தி' படத்தில் இரண்டாம் படப்பிடிப்புக் குழுவுக்காகப் பணியாற்றிக்கொண்டிருந்த காலம் அது. ராவல்பிண்டியில் பிறந்த பீஷ்ம சாஹ்னி, 1947இன் கலவரங்களை நேரில் கண்டு, பின்னர் எழுதிய நாவல். 1975இல் சாகித்திய அகாதமி விருது பெற்றது. ஏறத்தாழ ஐந்து மணி நேரம் நீளக்கூடிய கதைக்குத் திரையரங்கு இடங்கொடாது. ஆகவே தொலைக்காட்சிக்கு வந்தார்.

கதை இப்படித் தொடங்குகிறது. நத்து தோல் உரிப்பவர். பன்றி கொல்லும் தொழில் அவருடையதன்று. கால்நடை மருத்துவருக்குத் தேவைப்படுகிறது என்று பொய் சொல்லி, ஐந்து ரூபாய்த் தாளைக் கையில் திணித்து, ஒரு பன்றியைக் கொன்று தரச் சொல்கிறார் செல்வாக்குள்ள ஒருவர். மறுக்க நத்துவுக்கு வழியில்லை. இரவெல்லாம் போராடிக் கொல்கிறார். விடிந்தால் அந்தப் பிணம் மசூதிப் படிக்கட்டில் கிடக்கிறது, நகரம் எரிகிறது.

நாவலில் நத்து விரைவிலேயே பின்னணிக்குப் போய்விடுகிறார். காங்கிரசார், சங்கத்தார், லீக்கார், கம்யூனிஸ்டுகள், ஆங்கிலேய அதிகாரி எனக் கதை பரந்து விரிகிறது. திரைக்கதை எழுதிய நிஹலானி செய்த மாற்றமே நமக்கு முக்கியம். அவர் நத்துவையும் கர்ப்பிணியான அவர் மனைவி கர்மோவையும் கடைசிவரை கொண்டுசெல்கிறார். நடந்ததற்கெல்லாம் தானே காரணம் என்ற குற்றவுணர்வோடு, வயதான தாயையும் சுமந்துகொண்டு நத்து ஊரைவிட்டு வெளியேறுகிறார். முடிவில் கர்மோ காண்பது கணவரின் பிணத்தை. அகதி முகாமில் அவளுக்குக் குழந்தை பிறக்கிறது. நத்துவாக ஓம் புரியும், கர்மோவாக தீபா சாஹியும் நடித்தனர். தேநீர்க் கடை நடத்தும் முதிய சீக்கியராக நடித்தவர் நாவலாசிரியர் சாஹ்னியே. கலவரத்துக்குத் திட்டமிட்டவர்கள் பின்னர் அமைதிக் குழுவில் உட்கார, கூலி வாங்கிய தலித் மட்டும் குற்றத்தைச் சுமந்து சாகிறார் என்பதை நாவல் ஓரிரு வரிகளில் உணர்த்தியது. நிஹலானியோ அதையே தொடரின் முதுகெலும்பாக்கினார்.

1988 சனவரியில் ஒளிபரப்பு தொடங்கியதும் எதிர்ப்பு கிளம்பியது. நிஹலானிக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. போலீஸ் காவல் தேவைப்பட்டது. பம்பாய் உயர் நீதிமன்றத்தில் ஒருவர் மனுத் தாக்கல் செய்ய, தனி நீதிபதி இடைக்காலத் தடை விதித்தார். மேல்முறையீட்டில் நீதிபதிகள் லெண்டின், சுஜாதா மனோகர் ஆகியோர் தொடர் முழுவதையும் தாமே பார்த்தனர், தடையை நீக்கினர். பார்க்காமலே தடை விதிக்கும் வழக்கத்தில் ஊறிய நமக்கு இது சிறு செய்தியாகத் தோன்றலாம். சிறு செய்தியன்று.

பிறகு ரமேஷ் என்பவர் அரசமைப்புச் சட்டத்தின் 32ஆவது உறுப்பின்கீழ் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். 1988 பிப்ரவரி 16 அன்று நீதிபதிகள் சப்யசாச்சி முகர்ஜி, எஸ். ரங்கநாதன் அமர்வு அம்மனுவைத் தள்ளுபடி செய்தது. 'ரமேஷ் எதிர் இந்திய ஒன்றியம்' என்று சட்ட நூல்களில் காணப்படுவது இதுவே. இரண்டு கருத்துகளை அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஒரு படைப்பின் விளைவை அளக்கும்போது, நியாய உணர்வும் உறுதியும் துணிவும் உடைய மனிதரின் பார்வையில் அளக்க வேண்டும். எதிர்க்கருத்து எதிலும் ஆபத்தை மோப்பம் பிடிக்கும் ஊசலாடும் மனத்தாரின் பார்வையில் அளக்கலாகாது. நாகபுரி உயர் நீதிமன்றத்தில் விவியன் போஸ் வகுத்த இந்த அளவுகோலை உச்ச நீதிமன்றம் தனதாக்கிக்கொண்டது. மற்றொன்று, எழுத்தறிவில்லாதோர் இதைப் பார்த்தால் கொதித்தெழுவார்கள் என்ற வாதத்துக்குக் கிடைத்த விடை. எழுத்தறியாதோர் பொதுஅறிவும் அறியாதோர் அல்லர் என்றது பம்பாய் அமர்வு. உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. நம் மக்களை எளிதில் தூண்டப்படும் கூட்டமாகவே காணும் கோப்புகளைப் படிக்கும்போதெல்லாம் இவ்விடையை நினைவுகூர்கிறோம்.

இந்தத் தீர்ப்பின் மறுபக்கத்தையும் மாணவர்களிடம் மறைப்பதில்லை. அடுத்த ஆண்டே, 1989 மார்ச்சில், இதே வாதமுறை 'ஒரே ஒரு கிராமத்திலே' என்னும் தமிழ்ப் படத்தைக் காத்தது. பார்ப்பனப் பெண்ணொருத்தி பட்டியல் சாதிச் சான்றிதழ் பெற்று அதிகாரியாகிறாள் என்ற கதையின் வழியே, சாதி அடிப்படையிலான இடஒதுக்கீட்டைத் தாக்கிய படம் அது. அம்பேத்கரை இழிவுபடுத்துகிறது என்ற புகாரும் இருந்தது. சென்னை உயர் நீதிமன்றம் தணிக்கைச் சான்றிதழை ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் 'ரங்கராஜன் எதிர் ஜெகஜீவன் ராம்' தீர்ப்பில் அதைத் திருப்பியது: ஆர்ப்பாட்டம் நடக்கும் என்ற மிரட்டலுக்குப் பணிந்து கருத்தை ஒடுக்க முடியாது, காக்க வேண்டியது அரசின் கடமை என்றது. (எதிர்மனுதாரர் முன்னாள் துணைப் பிரதமர் அல்லர், அவர் 1986இலேயே மறைந்துவிட்டார்.) சுருங்கச் சொன்னால், நத்துவின் கதைக்காக வென்றெடுத்த விதி நம் உரிமையை ஏளனம் செய்த படத்துக்கும் குடை பிடித்தது. வகுப்பில் இவ்விடத்தில் வாக்குவாதம் சூடேறும். நமது நிலைப்பாடு தெளிவு: அந்தப் படத்தை வெறுக்கிறோம், அந்த விதியை விட்டுக்கொடுக்க மாட்டோம். 'மனம் புண்படுகிறது' என்ற ஆயுதத்தை ஊரில் யார் அதிகம் கையாள்கிறார்கள் என்பதை அறியாதவர் யார்? இழிவும் வெறுப்பும் வேறு கணக்கு. பட்டியல் சாதியினருக்கு எதிராகப் பகையை வளர்ப்பதும், அவர்கள் போற்றும் மறைந்த தலைவர்களை அவமதிப்பதும் 2016 முதல் நடைமுறையிலுள்ள திருத்தத்தின்படி வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் தனித்தனிக் குற்றங்கள். அவற்றை அச்சட்டத்தின்கீழ் தொடரலாம்.

'தமஸ்' ஒளிபரப்பான மாதங்களில் ஞாயிறு காலையில் தூர்தர்ஷனை ஆண்டது 'இராமாயணம்'. அது முடிவுற்றபோது ஜாலந்தரில் துப்புரவுப் பணியாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். வால்மீகியைத் தம் குருவாகக் கொண்ட அவர்கள், உத்தர காண்டத்தையும் காட்ட வேண்டும் என்று கோரினர், தொடர்ச்சியும் வந்தது. கோரிக்கையில் நமக்கு உடன்பாடில்லை. ஆனாலும் தொலைக்காட்சி என்ன காட்ட வேண்டும் என்று தலித் தொழிலாளர்கள் உழைப்பை நிறுத்திப் பேரம் பேசிய வேறொரு நிகழ்ச்சியை நாம் அறியோம்.

நிஹலானியின் குறையும் இங்கேதான் தெரிகிறது. லஹான்யா பேசுவதில்லை, நத்து புலம்புகிறார், அமைப்பாவதில்லை. 1926இல் மங்கூ ராம் தொடங்கிய ஆதிதர்ம இயக்கத்தில் பஞ்சாபின் தோல் தொழிலாளர்கள் திரண்டனர். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் தம்மை ஆதிதர்மிகள் எனப் பதிவு செய்தனர். அவ்வியக்கம் வேரூன்றிய தோஆபாவிலிருந்து ராவல்பிண்டி தொலைவுதான். எனினும் 1947இன் நத்துவிடம் அந்த அரசியலின் நிழல்கூட இல்லை. பிரிவினையில் தலித்துகள் பட்ட பாடும் கலவரத்தோடு நிற்கவில்லை. பாகிஸ்தானிலிருந்து பட்டியல் சாதியினர் வெளியேறவிடாமல் தடுக்கப்படுவதையும், வந்துசேர்ந்தவர்களுக்கு இந்திய அகதி முகாம்களில் நிவாரணம் மறுக்கப்படுவதையும் 1947 டிசம்பரில் அம்பேத்கர் நேருவுக்குக் கடிதமாக எழுதினார். கர்மோ பிள்ளை பெற்ற முகாமில் அவளுக்கு ரொட்டி கிடைத்ததா என்று தொடர் கேட்கவில்லை. தெண்டுல்கர், சாஹ்னி, நிஹலானி ஆகிய மூவரும் நேர்மையானவர்கள். மூவரும் வெளியிலிருந்து பார்த்தவர்கள்.

'தமஸ்' தேசிய ஒருமைப்பாட்டுக்கான நர்கிஸ் தத் விருதைப் பெற்றது; சுரேகா சிக்ரிக்குத் துணை நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது. அதன்பின் நிஹலானி தொலைக்காட்சிக்காக இப்சன், ஸ்டிரிண்ட்பெர்க், லோர்கா நாடகங்களைப் படமாக்கினார். தமிழர்கள் அவரை அறிந்தது அவர் பெயரில்லாமல்: கமல்ஹாசனின் 'குருதிப்புனல்' (1995) அவரது 'துரோக்கால்' படத்தின் மறுஆக்கம். மகாசுவேதா தேவியின் நாவலை 1998இல் படமாக்கினார். 2002இல் பத்மஸ்ரீ பெற்றார். 2013இல் 'தமஸ்' தனியார் அலைவரிசையில் மறுபடி ஒளிபரப்பானது. இம்முறை யாரும் நீதிமன்றம் செல்ல வேண்டியிருக்கவில்லை.

இப்போது மாணவர்களின் கேள்வி. 1954ஆம் ஆண்டின் தமிழ்நாடு நாடக நிகழ்ச்சிகள் சட்டப்படி, நாடகப் பிரதியை முன்கூட்டியே ஒப்படைத்து இசைவு பெற வேண்டியிருந்தது. பரீக்ஷா நாடகக் குழுவின் ஞாநி தொடுத்த வழக்கில், 2013இல் சென்னை உயர் நீதிமன்றம் அச்சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் செல்லாதென அறிவித்தது. ஆகவே பிரதியைக் காட்டு, காட்சியை நீக்கு என்று சொல்ல அச்சட்டத்தில் இனி இடமில்லை. ஒலிபெருக்கிக்கும் பொது இடத்தில் கூடுவதற்கும் இசைவு வேண்டும். 1861ஆம் ஆண்டுக் காவல் சட்டத்தின் 30ஆவது பிரிவைக் காட்டி மறுக்கலாம். மறுத்தால் காரணத்தோடு எழுத்தில் கேளுங்கள். விண்ணப்பத்தை நேரில் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். பதிவுத் தபாலிலும் ஒன்று அனுப்புங்கள். ஏப்ரல் முதல் வாரத்துக்குள் மறுப்பாணை கையில் இருந்தால் உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை மனுவுக்கு நேரமிருக்கும்; 12ஆம் தேதி மாலை வந்தால் விடுமுறைகள் குறுக்கே நிற்கும். சென்ற ஆண்டு இந்த வட்டாரத்தில் ஒரு குழுவுக்கு மறுப்பு வாய்மொழியாகவே வந்தது. நீதிமன்றத்தில் காட்ட நம்மிடம் ஒரு தாளும் இல்லை. இவ்வாண்டு அதே குழு பிப்ரவரியிலேயே விண்ணப்பித்துள்ளது.