அவள் தட்டில் என்ன இருந்தது?

லண்டன் லாம்பெத் பகுதியின் உழைப்பாளர் வீடுகளில், 1909 தொடங்கி 1913 வரை, ஃபேபியன் பெண்கள் குழுவினர் வாரச் செலவுக் கணக்குகளைத் திரட்டினார்கள். எழுதத் தெரியாத பெண்கள் மனக்கணக்காகவே சொன்னார்கள். 1913இல் மாட் பெம்பர் ரீவ்ஸ் அவற்றைப் புத்தகமாக்கினார்.

அந்தக் கணக்குகளில் நான் தேடியது மனைவியின் தட்டை. வாரத்துக்கு ஏறக்குறைய ஒரு பவுண்டு. வாடகை, நிலக்கரி, பிள்ளை இறந்தால் புதைக்கக் கட்டும் காப்பீடு எல்லாம் போகத்தான் சாப்பாடு. இறைச்சி பெரும்பாலும் கணவனுக்கு. அவன் படுத்துவிட்டால் கூலி இல்லை. அவளுக்கும் பிள்ளைகளுக்கும் ரொட்டி.

ஓட்ஸ் கஞ்சி காய்ச்சினால் மிச்சம் பிடிக்கலாமே என்று வசதியானவர்கள் புத்தி சொன்னார்கள். (அவர்கள் வீட்டில் சமையற்காரி இருந்திருப்பாள்.) கஞ்சிக்குப் பால் வேண்டும், அடுப்பெரியக் காசு வேண்டும், அடிபிடிக்காத பாத்திரமும் வேண்டும். திட்டமிடத் தெரியாமலா அவள் ரொட்டி வாங்கினாள்? குறைக்க வேறெதுவும் இல்லாத வாரத்தில் தன் பங்கைக் குறைத்தாள். கணக்கில் அதற்குத் தனி வரி கிடையாது.