விழுப்புரம், திண்டிவனம்: குடித்தன வீடுகளின் வாடகையும் விலையும்

ஒரே கூரையின் கீழ் மூன்று நான்கு குடும்பங்கள் வாடகைக்கு இருக்கும் வீடு விழுப்புரத்தில் பெருகியதற்கு முதல் காரணம் ரயில். தென்னிந்திய ரயில்வேயின் மீட்டர்கேஜ் பாதை 1870களில் திண்டிவனத்தையும் விழுப்புரத்தையும் சென்னையோடு இணைத்தது. 1879இல் புதுச்சேரிக்குக் கிளை பிரிந்தது. பிறகு காட்பாடிப் பாதையும், 1920களின் இறுதியில் விருத்தாசலம் வழியாகத் திருச்சிக்குக் குறுக்குப் பாதையும் வர, விழுப்புரம் ஐந்து திசைக்கும் வண்டி பிரியும் சந்திப்பாயிற்று. டிரைவர், ஃபயர்மேன், கார்டு என்று வந்தவர்களில் குவார்ட்டர்ஸ் கிடைக்காதவர்கள் ஊருக்குள் வீடு தேடினார்கள். திண்டிவனத்துக்கு வந்த கூட்டம் வேறு: சப்-கலெக்டர் அலுவலகக் குமாஸ்தாக்கள், கோர்ட்டை அண்டிய வக்கீல்கள், ஆற்காடு மிஷன் பள்ளி ஆசிரியர்கள்.

இவர்களுக்கென்று யாரும் புதிதாக வீடு கட்டியதாகச் சொல்ல முடியாது. இருந்த வீட்டைத்தான் வெட்டினார்கள். திண்ணை, ரேழி, முற்றம், கூடம், கொல்லை என்று தெருவிலிருந்து பின்பக்கம் வரை நீளும் வீடு பாகப்பிரிவினையில் அண்ணன் தம்பிகளுக்கு இரண்டாகும். ஒரு பாகத்துக்காரர் வெளியூர் போனால் அவர் பங்கு வாடகைக்கு வரும். நடுக்கதவு செங்கல் வைத்து அடைக்கப்படும். ரேழி ஒரு போர்ஷன், கூடத்தின் பாதி இன்னொன்று, மாட்டுக்கொட்டகை இருந்த இடத்தில் சீமை ஓடு போட்ட மூன்றாவது. கிணறும் கக்கூஸும் எல்லோருக்கும் பொது. மின்சாரம் வந்தபோதும் மீட்டர் ஒன்றுதான். போர்ஷனுக்கு இத்தனை பல்பு என்று கணக்கு வைத்து, ராத்திரி குறிப்பிட்ட நேரத்தில் மெயினை அணைக்கும் உரிமையை வீட்டுக்காரர் தம்மிடமே வைத்துக்கொண்டார். ஒண்டுக்குடித்தனத்தின் சண்டைகளில் முக்கால்வாசி தண்ணீரையும் அந்த மெயினையும் பற்றியவை.

வாடகையில் அரசு கைவைத்தது இரண்டாம் உலகப் போர்க் காலத்தில். போர்க்கால ஆணைகளைத் தொடர்ந்து 1946, 1949 ஆண்டுகளில் சென்னை மாகாணச் சட்டங்கள் வந்தன. 1960ஆம் ஆண்டின் 18ஆவது சட்டம் அவற்றின் இடத்தைப் பிடித்து ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் நின்றது. நகராட்சி எல்லைக்குள் அது செல்லும் என்பதால் இரு ஊர்களின் பழைய தெருக்களும் அதன் பிடிக்குள் வந்தன. சென்னைக்கு வெளியே வாடகைக் கட்டுப்பாட்டு அலுவலராக மாவட்ட முன்சீப்பே இருந்தார்.

நியாய வாடகைக்கு ஒரு கணக்கு உண்டு. மனையின் சந்தை மதிப்பு, தேய்மானம் கழித்த கட்டடச் செலவு, வசதிகளின் மதிப்பு மூன்றையும் கூட்ட வேண்டும். 1973ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, குடியிருப்புக்கு அதில் 9 சதவீதமும் கடைகளுக்கு 12 சதவீதமும் ஆண்டு வாடகை. மொத்த மதிப்பு 1,00,000 ரூபாய் என்றால் மாதம் 750 ரூபாய். மனு போடாதவரை பழைய வாடகையே ஓடும். மனு போட்டால் இழுக்கும். காலி செய்யச் சொல்வதற்கு வேண்டுமென்றே வாடகை பாக்கி வைத்தது, உள்வாடகைக்கு விட்டது, சொந்தக் குடியிருப்புத் தேவை, இடித்துக் கட்டுவது போன்ற காரணங்களில் ஒன்றை நிரூபிக்க வேண்டும். வீட்டுக்காரர்களின் புலம்பலில் பாதி நியாயம் இருந்தது. ஆனால் மாதச் சம்பளத்தை மட்டும் நம்பி வந்த குடும்பத்துக்கு இந்தச் சட்டம்தான் கூரை.

இதன் விளைவு விற்பனையில் தெரிந்தது. கிரயம் பேசும்போது முதல் கேள்வி, காலி சுவாதீனம் தருவீர்களா என்பதுதான். குடித்தனக்காரரோடு வாங்கினால் விலை இறங்கும். கிரயப் பத்திரம் பதிவான 3 மாதத்துக்குள் சொந்தத் தேவை என்று புதிய உரிமையாளர் மனு போடவும் முடியாது. வாங்குபவரிடமிருந்து ஒரு தொகை வாங்கிக் கொடுத்து குடித்தனக்காரரைக் கிளப்புவது தரகர் வேலையின் பகுதியாயிற்று. போக்கியத்துக்கு விட்ட போர்ஷன் இருந்தால் சிக்கல் கூடும். மொத்தமாக வாங்கிய பணத்தைத் திருப்பித் தராமல் அங்கே இருப்பவர் அசைய மாட்டார்.

1993 செப்டம்பர் 30 அன்று தென்னாற்காடு பிரிந்து விழுப்புரம் மாவட்டத் தலைநகரானதும் கதை திரும்பியது. ஆட்சியர் அலுவலகம், மாவட்ட நீதிமன்றம், அவற்றைச் சார்ந்த துறைகள் என்று ஊழியர்கள் வந்தார்கள். 2010இல் முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்தது. பழைய வீட்டை வெட்டி விட்டது போதவில்லை. வாடகைக்கென்றே கீழே இரண்டு, மேலே இரண்டு என்று மாடி வீடுகள் எழுந்தன. படிக்கட்டு வெளியே, குளியலறை உள்ளே, மீட்டர் ஆளுக்கொன்று. 2016இல் வீட்டு இணைப்புக்கு இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமானபின் தனி மீட்டர் இல்லாத போர்ஷனுக்கு ஆள் கிடைப்பது கடினமாயிற்று.

2017ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த நில உரிமையாளர், வாடகைதாரர் சட்டம் 1960ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கியது. நியாய வாடகைக் கணக்கு போய், இருவரும் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தமே வாடகையைத் தீர்மானிக்கிறது. அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால் முன்பணம் 3 மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. ஒரு காலத்தில் விலையைக் குறைத்த குடித்தனக்காரர், இன்று விற்பனை விளம்பரத்தில் மாத வருமானமாக எண்ணப்படுகிறார். வாங்குபவர் பட்டா, மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று ஆகியவற்றோடு வாடகை ஒப்பந்தங்களையும் கேட்டு வாங்கிப் பார்க்கிறார்.