ஐடா அம்மையார் மாறிய கல்லூரி

மருத்துவம் பயில விழையும் ஒருவருக்கு இரு கல்லூரிகள் இடமளிக்குமாயின், எதனைக் கொள்வது, எதனை விடுவது? 1898-இல் ஐடா ஸ்கட்டர் அம்மையார் இந்நிலையில் நின்றார்.

இராணிப்பேட்டையில் 1870-இல் பிறந்த அவர், ஆண் மருத்துவரை அனுமதியாத குடும்பங்களின் மூன்று பெண்கள் திண்டிவனத்தில் ஒரே இரவில் பேறுகாலத்தில் மாண்டது கண்டு மருத்துவராகத் துணிந்த வரலாறு நேயர்கள் அறிந்ததே. 1895-இல் பிலடெல்பியாவில் பென்சில்வேனியா மகளிர் மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார். 1850-இல் தோன்றிய அக்கல்லூரி பெண்டிர்க்கென்றே அமைந்தது. அவர் படிப்பு முடியுமுன், நியூயார்க்கில் கார்னெல் பல்கலைக்கழகம் புதிய மருத்துவக் கல்லூரி தொடங்கி, ஆடவரோடு பெண்டிரையும் ஏற்றது.

பழகிய ஆசிரியர்களை இறுதியாண்டில் துறப்பது எளிதன்று. இடையில் மாற்றுச் சான்றிதழ் கேட்டு வந்த பெற்றோரை நானே பலமுறை தடுத்ததுண்டு. ஆயினும் அம்மையார் கார்னெலுக்கு மாறி, 1899-இல் பட்டம் பெற்றார். அது தக்க முடிவென்றே கருதுகிறேன். ஆடவருடன் ஒரே தேர்வெழுதிப் பெற்ற பட்டத்தைப் பெண்கள் படிப்பென்று எவர் இகழ இயலும்? கார்னெல் பெண்டிரை ஏற்றமையால், எலிசபெத் பிளாக்வெல் 1868-இல் நியூயார்க்கில் நிறுவிய மகளிர் மருத்துவக் கல்லூரியும் அதே 1899-இல் மூடப்பட்டது.

வியப்பு யாதெனில், மகளிர் கல்லூரியினின்று நீங்கிய அம்மையார் 1918-இல் வேலூரில் தொடங்கியதும் மகளிர் மருத்துவப் பள்ளியே. ஆடவருடன் பயிலப் பெண்களை அனுப்பும் பெற்றோர் அன்று இந்நாட்டில் மிகச் சிலர். 1922-இல் முதல் அணியினர் பதினால்வர் தேறினர். ஆடவர்க்கு அங்கே இடம் கிடைத்தது 1947-இல்தான்.